தண்ணீர்ப் பந்தலும் கழலாத மூடிகளும்

எங்கள் பங்குத் தந்தையின் மேசையில் அந்த சிஞ்ஞோரா ஒரு பை நிறையப் போத்தல் மூடிகளைக் கவிழ்த்துக் கொட்டியபோது, அவற்றில் ஒன்று உருண்டு வந்து என் சப்பாத்தில் முட்டி நின்றது. குனிந்து எடுத்தேன். நீல நிறம். விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்ரிக் நாக்குகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தன. யாரோ முறுக்கி இழுத்து, அது மசியாமல் போகப் பல்லாலும் கடித்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களின் வேலைதான் என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது. ஆனால் வாய் திறக்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்பது இந்த இத்தாலி நாட்டு அலுவலகங்களில் நான் கற்ற முதல் நடைமுறை.

சிஞ்ஞோரா என்றால் இத்தாலியனில் அம்மணி. இந்த அம்மணி ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை. பலெர்மோ நகரத்தின் பெல்லெகிரீனோ மலைப்பாதையைத் துப்புரவாக வைத்திருக்கும் தொண்டர் குழுவுக்கு அவர்தான் தலைவி. போன செப்ரெம்பரில் பொறுக்கிய மூடிகளைக் கழுவிக் காயவைத்து, அடுத்த கோடை வரும்வரை பத்திரமாக வைத்திருந்து, பாதர் விடுமுறைக்குப் போகுமுன் சாட்சிப் பொருளாகக் கொண்டுவந்திருந்தார். நானும் ஓய்வூதியக்காரன் என்பதால் அவருடைய பொறுமையை மதிக்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு நேரம் இருக்கிறது, எதிரிகளுக்குத்தான் இல்லை.

"இவ்வளவும் உங்கள் தமிழர்களுடையவை, பாதர்" என்றார்.

"மூடியில் பெயர் எழுதியிருக்கிறதா, சிஞ்ஞோரா?" என்றார் பாதர்.

"எழுதத் தேவையில்லை. நம் இத்தாலியர்களின் மூடி போத்தலோடு தொங்குகிறது. அவர்கள் போத்தலை எறிந்தால் மூடியும் கூடவே கிடக்கும். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து காலை முழுக்கப் பார்த்தேன். இவர்கள் போத்தலைத் திறக்கிறார்கள், மூடியைப் பிடுங்குகிறார்கள், வீசுகிறார்கள். ஏதோ பழைய பகை இருப்பதுபோல."

பாதர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பிளாஸ்ரிக் போத்தலின் மூடி போத்தலை விட்டுப் பிரியக்கூடாது என்று ஐரோப்பா சட்டம் போட்டது நல்ல நோக்கத்தோடுதான். தனி மூடி சின்னப் பொருள். மழைநீரோடு ஓடும், வாய்க்காலில் இறங்கும், கடலுக்குப் போகும். போத்தலோடு ஒட்டியிருந்தால் போத்தல் போகும் இடத்துக்கே, அதாவது மீள்சுழற்சிக்கே, அதுவும் போகும். மூன்று லீற்றர் வரையான பானப் போத்தல்களுக்கு இது பொருந்தும். அதற்கு மேற்பட்டவற்றுக்குப் பொருந்தாது. இதையெல்லாம் நான் வாசித்திருக்கிறேன். சட்டத்தில் ஒரேயொரு குறைதான் எனக்குத் தெரிந்தது. அதை எழுதிய அத்தனை பேரும் போத்தலில் வாய் வைத்துக் குடிப்பவர்கள்.

வாய் வைத்துக் குடிப்பவருக்குத் தொங்கும் மூடி மூக்கில் இடிக்கும், கன்னத்தைக் கீறும். திட்டிக்கொண்டே குடித்து முடித்துவிடலாம். நாங்கள் அப்படியில்லை. எச்சில் படாமல், தலையை அண்ணாந்து, போத்தலை ஒரு சாண் உயரத்தில் பிடித்து வாய்க்குள் ஊற்றுகிறவர்கள். ஒரு போத்தல் ஒரு குடும்பத்தையே சுற்றி வரும். ஒருவர் உதடும் அதில் படாது. தொங்கும் மூடியோடு அண்ணாந்து பாருங்கள். ஓடிவரும் தண்ணீர் மூடியில் மோதி இரண்டாகப் பிரியும். ஒரு கிளை மூக்குக்குள் போகும், மற்றது கழுத்து வழியே சட்டைக்குள் இறங்கும். வாய்க்கு ஒன்றும் வராது. அதனால்தான் பலெர்மோவில் உள்ள தமிழர் அனைவரும், யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்காமலேயே, மூடியைப் பிடுங்கிவிட்டுக் குடிப்பது என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள். எங்கள் சமூகம் ஏகமனதாக எடுத்த ஒரே முடிவு என் அறிவுக்கு எட்டிய வரையில் இதுதான்.

"ஏன் பிடுங்குகிறார்கள்?" என்று சிஞ்ஞோரா நேரே என்னைக் கேட்டார்.

விளக்கினேன். கையில் போத்தல் இல்லாததால் வெறுங்கையை உயர்த்தி அண்ணாந்து காட்டினேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஓர் அபூர்வப் பறவை தண்ணீர் குடிப்பதைக் கவனிப்பதுபோல் பார்த்தார்.

"புரிகிறது. ஆனால் மலைக்கு அது புரியாது" என்றார்.

பேச்சின் முடிவில் இரண்டு நிபந்தனைகள் பிறந்தன. இந்த வருடமும் மலையேறுகிறவர்களுக்கு நாங்கள் தண்ணீர்ப் பந்தல் போடலாம். ஆனால் தனி மூடி ஒன்றுகூட மலையில் கிடக்கக்கூடாது. வெறும் போத்தல்கள் மூடியோடு சாக்குகளில் திரும்பி வரவேண்டும். அவை தன் கண்முன்னே பிளாஸ்ரிக் மீள்சுழற்சிப் பெட்டிக்குள் விழுவதை சிஞ்ஞோரா பார்க்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அடுத்த வருடத்திலிருந்து பந்தல் கிடையாது. நான் ஐந்து லீற்றர்ப் போத்தல்களைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். சட்டம் அவற்றைத் தொடாது என்பதையும் எடுத்துக் காட்டினேன். பெரிய போத்தலில் இருந்து ஊற்றிக் கொடுப்பது திறந்த தண்ணீர் வழங்குவதாகும், அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றார் சிஞ்ஞோரா. அவர் சொன்னது சரி. அந்த அனுமதி கைக்கு வருவதற்குள் நாங்கள் மூன்று பேரும் காலமாகியிருப்போம் என்பதும் எனக்குத் தெரியும். எனவே ஐந்து லீற்றரைக் கைவிட்டேன்.

பந்தல் என் மனைவியுடையது. மகளுக்குச் சின்ன வயதில் இறங்காத காய்ச்சல் வந்தபோது, அந்த மலையின் குகைக் கோயிலில் இருக்கும் இந்நகரத்துப் புனிதைக்கு அவள் வைத்த நேர்த்தி: பிள்ளை எழும்பினால், தன் காலில் பலம் இருக்கும்வரை ஒவ்வொரு திருநாளுக்கும் ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பேன் என்று. பிள்ளை எழும்பினாள். இப்போது மிலானோவில் இருந்துகொண்டு எனக்குத் தொலைபேசியில் புத்தி சொல்லுமளவுக்கு நலமாக இருக்கிறாள். பந்தலும் வருடம் தவறாமல் நடக்கிறது. செப்ரெம்பர்த் திருநாளை ஒட்டிய ஞாயிறு காலையில் எங்களில் கிறிஸ்தவர்களான வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லாமல் எல்லாரும் மலை ஏறுவார்கள். பாதி வழியில், பைன் மர நிழலில், பாதை திரும்பும் இடத்தில் என் மனைவியின் மேசை இருக்கும். வருடம் முழுவதும் மற்றவர் வீட்டுத் தரையைத் துடைக்கிற பெண்கள் அன்று அந்த மேசையின் பின்னால் நின்று, எல்லாரையும் அதட்டித் தண்ணீர் குடிக்க வைப்பார்கள். என் மனைவிக்கு அது கிறிஸ்மஸையும் விடப் பெரிய நாள்.

நகரத்தின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நான் திரும்பியபோது அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னவாம் பாதர்?"

"மூடியாம்."

"என்ன மூடி?"

சொன்னேன். கத்தி நின்றுவிட்டது.

"ஒரு போத்தில் மூடிக்கோ என்ரை பந்தலை நிப்பாட்டப் போகினம்?"

"நிப்பாட்டேல்லை. நிபந்தனையோடை அனுமதி. ரெண்டும் வேறை."

"நீங்கள் அதிலை இருந்து என்ன கதைச்சனீங்கள்?"

"மூண்டு லீற்றருக்கு மேலை சட்டம் பொருந்தாது எண்டு சொன்னனான்."

"நல்லாச் சொன்னியள். அஞ்சு லீற்றர்ப் போத்திலை ஆர் அண்ணாந்து குடிக்கிறது? யானையோ?"

இரண்டு துண்டு வெட்டினாள். பிறகு கத்தரிக்காயைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என்னாலை ஏலாமல் போய் நிப்பாட்டினால் அது வேறை. கால் நல்லா இருக்கேக்கை நிப்பாட்டினால் அது நேர்த்தியை முறிக்கிற மாதிரி. இஞ்சருங்கோ, இவ்வளவு காலமும் ஊர்ச் சனத்துக்கெல்லாம் பேப்பர் நிரப்பிக் குடுத்தனீங்கள். இதையும் ஒருக்கால் பாருங்கோ."

முப்பது வருடத் திருமணத்தில் அவள் என் தகுதியை ஒப்புக்கொண்ட சந்தர்ப்பங்கள் குறைவு. எனவே நான் காரியத்தில் இறங்கினேன்.

நான் இந்த நகரத்துக்கு வந்த புதிதில் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசின் வீட்டில் வேலை செய்தேன். அவருக்குக் கோப்பி கொண்டுபோய் வைக்கிற சாட்டில் பத்திரங்களை வாசிக்கப் பழகினேன். பிறகு ஓய்வு பெறும்வரை ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் மூலையில் இருந்து எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பினேன். எந்தச் சிக்கலையும் படிகளாகப் பிரித்தால் அது நடைமுறையாகிவிடும் என்பதே என் மதம். ஒரு கிழமை முழுக்கச் சமையலறைத் தொட்டியின் முன்னால் நின்று அண்ணாந்து தண்ணீர் குடித்தேன். மூடியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், காதுக்குள் போயிற்று. கீழே வைத்துப் பார்த்தேன், மூக்குக்குப் போயிற்று. கடைசியில் பிடிபட்டது. மூடியைப் பாதியில் விடாமல் முழுவதும் பின்னால் மடிக்கவேண்டும். 'டக்' என்று ஒரு சத்தத்தோடு அது நின்றுவிடும். பிறகு போத்தலைத் திருப்பி, மூடி வானத்தைப் பார்க்கும்படி பிடிக்கவேண்டும். தண்ணீர் அதன் கீழாக, ஒரே கம்பியாக, நேரே வாய்க்குள் வரும். ஆகமொத்தம் மூன்று படிகள். முத்திரைக்கட்டணம் இல்லை.

"தண்ணி பில் வரட்டும், பாப்பம்" என்றாள் என் மனைவி. ஆனால் தானும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

தமிழ்ப் பூசை முடிந்து பங்கு மண்டபத்தில் தேத்தண்ணியும் பற்றிஸும் நடக்கும் நேரம் பார்த்து நான் கதிரை ஒன்றில் ஏறி நின்றேன். ஒரு கையில் போத்தல். வகுப்பு தொடங்கும் முன்பே முன்வரிசையில் இருந்து குரல் வந்தது. வன்னியில் இருந்து வந்தவர் ஒருவர். நகரத்தின் ஓரத்திலுள்ள சியாகுல்லித் தோட்டங்களில் மந்தாரின் தோடம்பழம் பிடுங்குகிறவர். எந்தக் கூட்டத்திலும் எதிர்க்கட்சி.

"அண்ணை, தண்ணி குடிக்கிறதுக்கும் கோர்ஸ் வைக்கிறியளோ?"

"ஓம்."

"சேர்ட்டிபிக்கற் தருவியளே?"

"தருவன். பதினாறு யூரோ முத்திரை ஒட்டவேணும்."

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் நான் அண்ணாந்தேன். வீட்டில் தொட்டியின் முன்னால் வந்தது, கதிரையின் மேல் வரவில்லை. மூடி 'டக்' என்று நின்றிருக்கவில்லை. நான் பேச்சின் சுவாரசியத்தில் பாதியில் விட்டிருந்தேன். தண்ணீர் என் கண்ணாடி, நாடி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை என்று ஒழுங்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கிற்று.

"அண்ணையின்ரை சட்டைக்கும் தண்ணி விடாய்தான்!" என்றார் எதிர்க்கட்சி.

"இது பிழையான முறை. வேணுமெண்டுதான் காட்டினனான்" என்றேன். ஒருவரும் நம்பவில்லை. ஆனால் இரண்டாவது தடவை தண்ணீர்க் கம்பி நேரே இறங்கியபோது முன்வரிசை கழுத்தை நீட்டிப் பார்த்தது. முதியவர்களைப் பராமரிக்கும் வேலை செய்கிற அக்கா ஒருவர் எழுந்து வந்து போத்தலை வாங்கினார்.

"இஞ்சை தாங்கோ பாப்பம். மடிக்க வேணும்... டக்... மேலை பாக்க வேணும்..." குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. "அடியே, ஒரு சொட்டும் சிந்தேல்லை! இவ்வளவு நாளும் நான் என்ரை சிஞ்ஞோராவுக்கு முன்னாலை மூடியோடை மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டனான்."

அதற்குப் பிறகு நான் தேவைப்படவில்லை. ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்து, மண்டபமெங்கும் 'டக், டக்' என்று கேட்டது. யார் அதிக உயரத்தில் இருந்து ஊற்றுவது என்று ஆண்களிடையே போட்டி தொடங்கியது. அன்றிலிருந்து பலாரோச் சந்தையில் காய்கறி வாங்கப் போனால்கூட எனக்குப் பின்னால் "மூடி அண்ணை போறார்" என்று கேட்கிறது. அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் கிடைக்காத பட்டம்.

ஞாயிறு வந்தது. காலை வெயில் ஏறுமுன்னே நாங்கள் மேசையைப் போட்டுவிட்டோம். மேசையின் ஒரு பக்கம் முத்திரை உடையாத போத்தல்கள். மறுபக்கம் மரத்தில் கட்டிய பெரிய சாக்குகள். 'வெறும் போத்தல் மூடியோடு இங்கே' என்று இரண்டு மொழிகளில் நான் எழுதிய அட்டைகளும். என் மனைவி பருத்திச் சேலையைத் தூக்கிச் செருகி, காலில் ஓட்டச் சப்பாத்துப் போட்டு, படைத்தலைவி மாதிரி நின்றாள்.

"மூடியைப் பிச்சால் தண்ணி இல்லை. முதல்லை சொல்லிப்போட்டன்!"

"பிக்கேல்லை அக்கா, இஞ்சை பாருங்கோ, டக்!"

"தம்பி, உம்மடை மூடி கீழை பாக்குது. திருப்பும்!"

இத்தாலியரும் ஏறி வந்தார்கள், அவர்களுக்கும் கொடுத்தோம். வெறுங்காலோடு ஏறிய ஒரு பருத்த மனிதர் எங்கள் ஆட்கள் வரிசையாக அண்ணாந்து நிற்பதைப் பார்த்து, இது ஏதோ புனிதைக்குச் செய்யும் வணக்கமுறை என்று நினைத்து, தானும் அண்ணாந்து ஊற்றிக் கழுத்தெல்லாம் நனைந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனார். பாதைநெடுகிலும் ஒரு தனி மூடி இல்லை. நான் குனிந்து குனிந்து தேடினேன். போன வருடத்து மூடி ஒன்றுதான் ஒரு வேருக்கடியில் அகப்பட்டது, நிறம் வெளுத்திருந்தது. அதை என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இந்த வருடக் கணக்கில் அது சேரக்கூடாது.

முதலாவது நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி சாக்குகளின் பக்கம் பார்த்தாள்.

"என்னப்பா, சாக்கு ஏன் சோந்து போய் நிக்குது?"

ஒரு சாக்கின் அடியில் கொஞ்சப் போத்தல்கள் கிடந்தன. எல்லாம் இத்தாலியருடையவை. மற்றச் சாக்கு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மேசையிலோ தண்ணீர் முடியப் போகிறது. அவ்வளவு போத்தல்களும் எங்கே?

என் மனைவியின் முகம் மாறிவிட்டது. வந்தவர்களுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அதட்டுவதை நிறுத்திவிட்டாள். அவள் அதட்டாமல் இருப்பது எனக்குப் பயத்தைத் தந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் சிஞ்ஞோரா கையில் நீண்ட இடுக்கியோடு கீழிருந்து வந்து சேர்ந்தார். வழியெல்லாம் ஆராய்ந்துகொண்டே வந்திருக்கிறார், இடுக்கியில் ஒன்றுமில்லை. அதனால் முகத்தில் ஒரு மெல்லிய ஏமாற்றமும் இருந்தது. பிறகு சாக்குகளைப் பார்த்தார். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"மிச்சம் எங்கே?"

"மேலே கொண்டுபோயிருக்கிறார்கள்" என்றேன். அது ஊகம்தான். ஆனால் உறுதியாகச் சொன்ன ஊகம் பாதி ஆவணம்.

"மேலே எங்கே? பள்ளத்துக்குள்ளா?"

என் மனைவியின் இத்தாலியன் சமையலறைகளில் கற்றது. என்னுடையது படிவங்களில் கற்றது. கோபம் வந்தால் அவளுடையதுதான் வேகமாக ஓடும். "சிஞ்ஞோரா, எங்கள் ஆட்கள் புனிதையின் மலையில் பள்ளத்துக்குள் எறியமாட்டார்கள்" என்றாள்.

"மூடியை எறிந்தார்களே, சிஞ்ஞோரா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன்.

குகைக் கோயிலின் முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. ஆனால் காட்சி ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. குகையின் கூரையில் இருந்து சொட்டும் தண்ணீரைத் தகரப் பீலிகள் ஏந்திக்கொள்ளும். அது நோய் தீர்க்கும் புதுமைத் தண்ணீர் என்பது இந்த நகரத்தின் நம்பிக்கை. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் எங்கள் போத்தல்களோடு வரிசையில் நின்றார்கள். சொட்டுத் தண்ணீரால் போத்தல் நிறைய மாதக்கணக்காகும் என்பதால் ஒரு நடைமுறையையும் தாங்களாகவே உண்டாக்கியிருந்தார்கள். ஒரு சில சொட்டு உள்ளே பிடிப்பது, மிச்சத்துக்கு வெளிக் குழாயில் நிரப்புவது, மூடியைத் திருகுவது. தீர்த்தம் தயார். கலப்பு விகிதம் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை.

வரிசையின் முன்னால் மந்தாரின் தோட்டத்து எதிர்க்கட்சி.

"ஐசே, குடிச்சு முடிய வெறும் போத்திலைப் பந்தலிலை தரச் சொன்னனெல்லே?"

"அண்ணை, முந்தி மூடியைப் பிச்செறிஞ்சால் அதிலேயே நிண்டு குடிச்சு முடிக்கவேணும். இப்பதான் நீங்கள் மூடி கழலாமல் குடிக்கப் பழக்கிவிட்டியளே. பாதி குடிச்சிட்டு மூடிக்கொண்டு வந்தம்."

"சரி, இப்ப கீழை கொண்டுவாரும்."

"நாங்கள் இஞ்சாலை பஸ்ஸிலை போறம், அண்ணை. அதுவும் தீர்த்தத்தை எப்பிடி அண்ணை குப்பைக்கை போடுறது?" போத்தலைத் தூக்கி எனக்குக் காட்டினார். "இது மாதிரித் தீர்த்தப் போத்தில் கடையிலை வாங்கேலாது. மூடி துலையாது. வீட்டிலை புனிதையின்ரை சுருவத்துக்குப் பக்கத்திலை வைச்சால் வருசம் முழுக்கக் கிடக்கும்."

பக்கத்தில் நின்ற, முதியவர்களைப் பராமரிக்கும் அக்கா சேர்ந்துகொண்டார். "நான் ரெண்டு பிடிச்சனான். ஒண்டு எங்களுக்கு, ஒண்டு நான் பராமரிக்கிற கிழவி நொன்னாவுக்கு. அவவாலை இனி மலை ஏற ஏலாது."

என் பயிற்சி தேவைக்கு அதிகமாகப் பலித்துவிட்டது. முதலாவது நிபந்தனையை நிறைவேற்றியதாலேயே இரண்டாவது நிபந்தனை தோற்றுப்போயிருந்தது. நடைமுறை எழுதுகிறவர்களுக்கு அடிக்கடி நடக்கிற விபத்துத்தான் இது. ஆனால் பொதுவாக நான் வரிசையின் மறுபக்கத்தில் நின்று அதைப் பார்த்துச் சிரிப்பவன்.

கீழே வந்து சிஞ்ஞோராவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். நம்பாமலும் இல்லை, நம்பவும் இல்லை. "நான் நாற்பது வருடம் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்டவள். செய்தேன், வீட்டில் இருக்கிறது என்று சொன்னவர்கள் எத்தனை பேர் தெரியுமா? போத்தல்களைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் பாதரோடு பேசிய பேச்சுத்தான், அடுத்த வருடம் பந்தல் கிடையாது" என்றார்.

அன்று பின்னேரம் நான் எங்கள் வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு அறிவித்தல் எழுதத் தொடங்கினேன். 'மேற்படி நிபந்தனையின் இரண்டாம் பிரிவுக்கு அமைவாக' என்ற இடத்தில் என் மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இதை ஆர் வாசிக்கப் போகினம்?" என்று சொல்லிவிட்டுத் தன் தொலைபேசியை எடுத்துக் குரலிலேயே அனுப்பினாள்.

"பிள்ளையள், மலையிலை பிடிச்ச தீர்த்தப் போத்திலெல்லாத்தையும் வாற ஞாயிறு பூசைக்குக் கொண்டு வாங்கோ. பாதர் ஆசீர்வதிச்சுத் தருவார். ஒருத்தரும் மறக்காதேங்கோ. மூடியோடை!"

"பாதர் அப்பிடி எப்ப சொன்னவர்?" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை சொல்லுவார்" என்றாள்.

ஞாயிறு பின்னேரம் கோயில் நிறைந்துவிட்டது. பீடத்தின் முன்படிகளில் போத்தல்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. மலைக்கு வராதவர்களும் வெட்கத்தோடு வீட்டுக் குழாயில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். எண்ணிக்கை எங்களுக்குச் சாதகமாக இருந்ததால் நான் விசாரிக்கவில்லை. பாதர் உடைமாற்றும் அறையில் இருந்து வெளியே வந்து, அந்தப் பிளாஸ்ரிக் படையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். என் மனைவி அவருக்குக் கிட்டப் போய்க் காதில் ஏதோ சொன்னாள். அவர் கண்ணை மூடினார். தோள்கள் குலுங்கின. செபிக்கிறார் என்று முன்வரிசை நினைத்தது. சிரித்துக்கொண்டிருந்தார்.

சிஞ்ஞோரா பக்கவாசலால் வந்தார். கைப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் படிகளின் முன்னால் குனிந்து, போத்தல் போத்தலாகப் பார்த்துக்கொண்டு போனார். ஒவ்வொரு கழுத்திலும் விரலை வைத்து, மூடியைப் பிடித்திருக்கும் நாக்கு பிய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பின்வரிசைக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். என் மனைவி சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக நின்றாள்.

கடைசிப் போத்தலில் அவர் நிமிர்ந்தார்.

"மூடி எல்லாம் இருக்கிறது" என்றார். "ஆனால் இவை மீள்சுழற்சிக்குப் போகப் போவதில்லை. ஒருநாளும் போகாது. இதை யார் ஊற்றுவார்கள்? எங்கே ஊற்றுவார்கள்?"

அவர் கேட்டது அதட்டலாக இல்லை. அவரும் இந்த நகரத்தில் பிறந்தவர்தான். மலைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றச் சொல்ல அவருக்கும் நா எழவில்லை.

இப்போது என் முறை. "சிஞ்ஞோரா, கழிவுச் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கழிவு உண்டாகாமல் தடுப்பது. அடுத்தது அதே பொருளை மீண்டும் பயன்படுத்துவது. மீள்சுழற்சி அதற்குப் பிறகுதான் வருகிறது. எங்கள் ஆட்கள் உங்கள் நிபந்தனையை மீறவில்லை. ஒரு படி மேலே நின்று நிறைவேற்றியிருக்கிறார்கள்."

வகுப்பில் கேட்காமலே கையை உயர்த்தி, சரியான விடை சொல்லி எரிச்சலூட்டும் மாணவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். விடையில் பிழை தேடினார் என்று நினைக்கிறேன். அகப்படவில்லை.

"பாதர், என் பக்கத்தில் இருந்து மறுப்பு இல்லை" என்றார்.

பாதர் என் மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கண்ணைத் துடைத்தாள். ஆனால் அடுத்த மூச்சிலேயே பழைய படைத்தலைவியாகிவிட்டாள்.

"அடுத்த வருசத்துக்கு ரெண்டு மேசை வேணும், பாதர். ஒண்டு காணாது. பைன் மரத்துக்கு இஞ்சாலை ஒண்டு, அங்காலை ஒண்டு."

"ஒரு மேசைக்கு நான் வந்து நிற்கிறேன்" என்றார் சிஞ்ஞோரா. "உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கல்லில் உட்கார்ந்து பார்ப்பதைவிட அது வசதி."

கண்காணிப்பா, உதவியா என்று விளங்காத வேண்டுகோள். என் மனைவி அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். மலைக்கு ஏற்ற சப்பாத்து, பலமான கை, உரத்த குரல். வேலைக்கு எடுக்கலாம் என்று தீர்மானித்துவிட்டாள் என்பது தெரிந்தது.

"வாங்கோ சிஞ்ஞோரா. விடியவே வரவேணும். மூடி பிய்க்கிறவைக்கு நீங்கள்தான் பேசவேணும், எனக்குத் தொண்டை கட்டிப்போகுது" என்று, தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடித்தாள்.

பாதர் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார். மந்தாரின் தோட்டத்துக்காரர் என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, ஆனால் மூன்று வரிசைக்குக் கேட்கும்படி கேட்டார்.

"அண்ணை, இந்த சிஞ்ஞோராவுக்கும் கோர்ஸ் வைக்க வேண்டி வரும் போலை. ஆர் வைக்கிறது, நீங்களோ, எங்கடை பந்தல் அக்காவோ?"

"அக்காதான்" என்றேன். சிஞ்ஞோரா அதற்குள் படியில் இருந்து ஒரு போத்தலை எடுத்து வைத்துக்கொண்டு, மூடியை எவ்வளவு தூரம் மடிக்கவேண்டும் என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.